தேர் இழுத்த கயிறு

கயிறு என்றால் எனக்கு முதலில் மூக்குத்தான் வேலை செய்யும். கண்ணும் கையும் அதற்குப் பிறகு. கடையில் கயிறு வாங்கப் போனாலும் நுனியை எடுத்து மணந்து பார்ப்பேன். "இதென்ன கருவாடோ, மணந்து வாங்க?" என்று கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நல்ல தும்புக் கயிற்றுக்கு ஒரு மணம் உண்டு. கடலேரிச் சேறும் வெயிலும் கலந்த மணம். கெட்டுப்போன கயிறு, கனகாலம் திறக்காத பெட்டகம் போல மணக்கும். நான் பிறந்த வீடு சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு தென்னங்காணிக்குள் இருந்தது. தேங்காய்ப் பொச்சு மட்டையை உரித்துக் கடலேரிக் கரைச் சேற்றில் புதைப்பார்கள். ஊறிய பிறகு எடுத்து அடித்து நார்நாராகத் தும்பாக்குவார்கள். பின்னேரங்களில் வீட்டுப் பெண்கள் கூடியிருந்து அதைக் கயிறாகத் திரிப்போம். சோறு வடிக்கப் பழகிய வயதில் கயிறு திரிக்கவும் பழகினேன். அதில் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. வாயும் கையும் சேர்ந்து ஓடவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் நாட்டில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். என் விஷயத்தில் அது மாறிப்போனது. இவருடைய வீடு இணுவிலுக்குக் கிட்ட இருந்தது. செம்மண் தோட்டம், புகையிலை. தகப்பனைத் தோட்டத்தில் தனியே விட்டுவிட்டு வர முடியாது என்று கலியாணப் பேச்சிலேயே சொல்லிவிட்டார். என்னைப் பெற்ற அப்பு யோசித்தார். நான் யோசிக்கவில்லை. தகப்பனுக்காக இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற மனிதர் எனக்காகவும் ஒருநாள் பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். அது முப்பதுகளின் நடுப்பகுதி. உலக யுத்தம் வர இன்னும் சில வருடங்கள் இருந்தன.

வந்த புதிதில் ஒருநாள் விடியப்புறம் தோட்டத்துக்குப் போனபோதுதான் அந்தக் காட்சியைக் கண்டேன். என் புருஷன் ஆகாயத்தில் நடந்துகொண்டிருந்தார்.

துலா மிதிப்பது என்றால் என்னவென்று எனக்குக் காதால் தெரியும், கண்ணால் தெரியாது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழம் இல்லாதவை. நின்ற நிலையில் ஒருவர் சின்னத் துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளிவிடுவார். இங்கே கிணறு என்றால் கல்லைப் பிளந்துகொண்டு பாதாளம் வரை போகும். கிணற்றடியில் கவர்விட்ட இரண்டு தூண்கள் நிற்கும். அவற்றின் குறுக்கே அச்சுலக்கை. அதன் மேல் நீளமான துலா. துலாவின் ஒரு நுனியில் பட்டை தொங்கும். பட்டை என்பது பனையோலையில் பின்னிய வாளி. கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து இறக்கி ஏற்றி வாய்க்காலில் ஊற்றுவார். மேலே நிற்பவர் துலாவின் முதுகில் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும். திரும்பி நடந்தால் ஏறும். பிடிமானத்துக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கட்டியிருக்கும். அதில் கை வைத்தபடி நடப்பார்கள். காலடி தவறினால் கீழே கிணற்று வாய்.

 கையில் இருந்த பால்தேத்தண்ணிச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். அப்போதுதான் இவருடைய இடுப்பில் ஒரு கயிறு இருப்பதைக் கண்டேன். கயிற்றின் மறுநுனி அச்சுலக்கைக்குப் பக்கத்தில் துலாவோடு கட்டியிருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் துலா மிதிக்கிறவர்கள் யாரும் இடுப்பில் கயிறு கட்டியதாக நான் பார்க்கவில்லை. கட்டுவது வெட்கம் என்று நினைத்தார்கள். "உங்கடை மாட்டைக் கட்டிப்போட்டே மேய விடுறியள்?" என்று வேலியால் எட்டிப்பார்த்துக் கீழே நிற்பவரிடம் பகிடி பண்ணுவார்கள். இவர் சிரித்துக்கொண்டே நடப்பார்.

கட்டவைத்தவர் மாமா. இவருடைய தகப்பன். உயரம் குறைந்த, கதையும் குறைந்த மனிதர். பட்டை பிடிப்பது எப்போதும் அவர்தான். அவருக்கு ஒரு தம்பி இருந்தாராம். இதே துலாவில் மிதித்தவர். நல்ல குரல், அவர் மிதிக்கும்போது பாடினால் பக்கத்துத் தோட்டங்களில் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம். என் மனிதர் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் விடிய அந்தத் தம்பி கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போனார். கீழே பட்டை பிடித்துக்கொண்டு நின்றவர் மாமா. இதை எனக்குச் சொன்னது மாமி, இவருடைய தாய். மாமா அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. மற்றத் தோட்டங்களில் இறைப்பு நேரத்தில் பாட்டுக் கேட்கும். எங்கள் தோட்டத்தில் துலா கிறீச்சிடும் சத்தம் மட்டும்தான்.

மாமாவை எனக்கு வந்த முதல் கிழமையிலேயே பிடித்துவிட்டது. நான் தென்னையில்லாத ஊருக்கு வந்து முகம் வாடி நிற்கிறேன் என்று எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். ஒருநாள் சந்தையிலிருந்து வரும்போது தோளில் ஒரு தென்னம்பிள்ளை இருந்தது. கிணற்றடி வாய்க்காலுக்குப் பக்கத்தில் குழி வெட்டி நட்டார். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இறைப்பின் முதல் பட்டைத் தண்ணீர் புகையிலைக்குப் போகாது, அந்தத் தென்னம்பிள்ளைக்குத்தான் போகும். அப்படிப்பட்ட மனிதரோடு நான் சண்டை பிடிக்கவேண்டி வந்தது.

இடுப்புக் கயிற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அது சும்மா கயிறு இல்லை. இவருடைய ஊர் முருகன் கோயில் தேர்வடத்திலிருந்து வந்தது. தேர்வடம் கைத் தடிமனில் இருக்கும். பழசாகிப் போனால் புதுவடம் போடுவார்கள். பழையதைத் தேர்முட்டியில் ஒரு மூலையில் சுருட்டி வைப்பார்கள். கேட்கிறவர்களுக்கு அதிலிருந்து ஒரு துண்டு கொடுப்பார்கள். சிலர் மாட்டுக் கொட்டிலில் கட்டுவார்கள், சிலர் பிள்ளைத்தாய்ச்சியின் தலைமாட்டில் வைப்பார்கள். மாமா ஒரு புரியைப் பிரித்து வாங்கி வந்து மகனுக்கு இடுப்புக் கயிறாக்கிவிட்டார். அதிலும் கிடந்தவற்றுக்குள் மிகப் பழைய வடத்தைத்தான் கேட்டு வாங்கினாராம். எவ்வளவு பழசோ அவ்வளவு தேர் இழுத்திருக்கும். அவ்வளவு தேர் இழுத்தது ஒரு மனிதனைத் தாங்காதா? அவருடைய கணக்கு அதுதான். கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். கயிறு திரித்தவர்களுக்கு மட்டும் நெஞ்சு பதறும்.

விடியற்காலையில் அந்தக் கயிற்றுக்கு ஒரு சோதனை நடக்கும். மாமா குளித்துவிட்டு வந்து சுவாமி அறையிலிருந்து கயிற்றை எடுப்பார். நுனியிலிருந்து நுனிவரை திருநீறு பூசுவார். கண்ணில் ஒற்றுவார். இரண்டு கையாலும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகு மகனின் இடுப்பில் தானே கட்டிவிடுவார். குழந்தைப்பிள்ளைக்கு அரைநாண் கட்டுகிற மாதிரி இவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் நிறையும். இறைப்பு முடிந்ததும் கயிறு திரும்பச் சுவாமி அறைக்குள் போய்விடும். வீட்டுப் பெண்கள் அதைத் தொடுவதில்லை. நானும் அதுவரை தொடவில்லை.

ஒருநாள் இறைப்பு முடிகிற நேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் காயப்போட்ட புகையிலையை அள்ள ஓடினார்கள். கயிறு துலாவிலேயே கிடந்து நனைந்துவிட்டது. மழை விட்டதும் நான் போய் அவிழ்த்துக்கொண்டு வந்து அடுப்படியில் காயவிட்டேன். கை சும்மா இருக்குமா? நனைந்த கயிறு என்றால் மூக்குக்குக் கொண்டுபோவேன். கொண்டுபோனேன். திறக்காத பெட்டகத்தின் மணம்.

பயத்தோடு புரியைத் திருகிப் பிரித்தேன். வெளியே பார்க்க எண்ணெய் பட்டுப் பளபளப்பாக, கறுப்பாக, பத்திரமாக இருந்த கயிற்றுக்கு உள்ளே சிவப்புப் புழுதி. ஒரு தும்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். நல்ல தும்பு அறும்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும். இது சத்தமே இல்லாமல் அறுந்தது. இன்னொரு இடத்தில் பிரித்தேன். அங்கேயும் அப்படித்தான். இந்தக் கயிற்றை நம்பித்தான் என் மனிதர் விடியற்காலையில் கிணற்று வாய்க்கு மேலே நடக்கிறார் என்று நினைத்தேன். அடுப்படியில் தனியே இருந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்கு அழுகைக்குப் பின்னால் எப்போதும் கோபம்தான் வரும்.

இவர் வந்ததும் கயிற்றைக் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, உதைப் பாருங்கோ. உள்ளுக்கை ஒண்டுமில்லை. முழுக்க உக்கிப்போச்சு."

பார்த்தார். முகம் ஒருகணம் மாறியது. பிறகு வழக்கமான சிரிப்பு.

"நான் விழமாட்டன். நீர் பயப்பிடாதையும்."

"அப்ப கயிறு ஏன்?"

"அது அப்புவுக்காகக் கட்டுறது. அப்புவின்ரை மனசு ஆறட்டும் எண்டு."

"அப்ப ஏன் மூங்கிலை விட்டுட்டுக் கயிற்றிலை சாஞ்சு நிண்டு வேர்வை துடைக்கிறியள்? நான் பாத்தனான்."

 அதுதான் என்னுடைய பயம். கயிறே கட்டாத பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூங்கிலை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இவர் கயிறு இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டு கையையும் விட்டுவிடுவார். கெட்ட கயிறு, கயிறு இல்லாததைவிடப் பொல்லாதது. இவர் என் கையைப் பிடித்து, "அப்புவிட்டை மட்டும் சொல்லாதையும்" என்றார்.

நான் சொன்னேன். அடுத்தநாள் மத்தியானம் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். நேரம் பார்த்துக் கதைக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. இப்போதும் அவ்வளவாக இல்லை.

"மாமா, உந்த இடுப்புக் கயிறு உக்கிப்போச்சு. வேறை மாத்தவேணும்."

"அது தேர் இழுத்த வடம், பிள்ளை."

"ஓம் மாமா. கனகாலம் இழுத்ததாலைதான் உக்கினது."

"நான் ஒவ்வொரு நாளும் இழுத்துப் பாக்கிறனான்."

"கையாலை இழுக்கிறது வேறை, மாமா. ஆள் விழேக்கை இழுபடுறது வேறை."

விழேக்கை என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது. சோற்றில் இருந்த அவர் கை அப்படியே நின்றது.  மிச்சச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்து கை கழுவினார். போகும்போது மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"சுவாமியைச் சோதிக்கப்படாது, பிள்ளை. சோதிச்சால் அவர் கையை விட்டிடுவார்."

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திருப்பி நாலு சொல் சொல்லியிருப்பேன். அடுத்தநாள் விடியவும் அவர் அந்தக் கயிற்றுக்குத் திருநீறு பூசி மகனுக்குக் கட்டினார். முதல் பட்டைத் தண்ணீரை வழக்கம்போல என் தென்னம்பிள்ளைக்கு ஊற்றினார். அதைப் பார்க்கத்தான் எனக்கு அந்தரமாக இருந்தது. அந்த மனிதருடைய தம்பி போன பிறகு அவருக்கு எஞ்சியிருந்த தைரியம் முழுவதும் அந்தக் கயிற்றில் சுற்றியிருந்தது. அதில் நான் கை வைத்துவிட்டேன். ஆனால் கை வைக்காமல் விட்டால் என் மனிதர் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் நின்று கொஞ்சநாள் நான் நித்திரை கொள்ளவில்லை.

கயிற்றைத் தூக்கி அடுப்புக்குள் போடலாமா என்றும் யோசித்தேன். மனம் வரவில்லை. அது தேர்வடம்தானே. எனக்கும் முருகனில் நம்பிக்கை இருந்தது. தும்பில்தான் இல்லை.

தங்கையின் பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிக்க என்று பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில் வழி பிறந்தது. திரும்பி வரும்போது அம்மாவிடம் நல்ல தும்பாகப் பொறுக்கி ஒரு கட்டு வாங்கினேன். வெயிலில் காய்ந்து பொன்நிறமாக இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனுஷி, "தலகாணிக்கோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

மாமாவும் இவரும் சுன்னாகம் சந்தைக்குப் போன ஒரு நாள் பார்த்து, கொல்லைப்பக்கம் மாமரத்தடியில் இருந்து திரிக்கத் தொடங்கினேன். கொஞ்சத்தில் மாமி வந்தார். மாமி பார்த்தால் ஒன்றும் தெரியாதவர் போலிருப்பார். அவருக்குத் தெரியாத ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. என் கையையும் தும்பையும் பார்த்தார். நான் பொய்யொன்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் குந்தியிருந்து கயிற்றின் மறுநுனியைப் பிடித்தார்.

"இறுக்கித் திரி மேனை," என்றார். "என்ரை பிள்ளையும்தானே."

 இரண்டு பேருமாகத் திரித்தோம். மூன்று புரி சேர்த்துக் கயிறாக்கினோம். மாமியே சுவாமி அறைக்குப் போய்ப் பழைய கயிற்றை எடுத்துவந்தார். அதைப் பக்குவமாகப் பிரித்து, வெளிப்புறத்துக் கறுத்த தும்பை நீளநீளமாக எடுத்து, புதுக்கயிற்றின்மேல் நெருக்கமாகச் சுற்றினோம். மாமி சுற்றச்சுற்ற வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்தார். உள்ளே என் ஊர்த் தும்பு, வெளியே முருகனின் வடம். முடிந்தபோது பார்த்தால் பழைய கயிறேதான், கொஞ்சம் கொழுத்திருந்தது.

"காணுமோ? தாங்குமோ?" என்று மாமி கேட்டார்.

"பாத்தால்தான் தெரியும் மாமி."

மாங்கொப்பில் எறிந்து கட்டினேன். முதலில் நான் பிடித்துத் தொங்கினேன். பிறகு ஒரு குதி குதித்துத் தொங்கினேன். கயிறு முனகியது, ஆனால் இளகவில்லை. என்னுடைய பாரம் இவருடைய பாரத்துக்குப் போதாதே என்று நான் யோசிக்க, மாமி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தன் காலைத் தூக்கிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் மாங்கொப்பில் ஆடினோம். மாமிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் மருமகள் தொங்குவதை வேலிக்கு மேலால் யாராவது கண்டிருந்தால் ஊர் என்ன கதைத்திருக்கும் என்று இன்றும் நினைத்துச் சிரிப்பேன். சிரித்துச் சிரித்துக் கை வழுக்கி இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். கயிறு விழவில்லை.

அடுத்தநாள் விடிய மாமா திருநீறு பூசினார், ஒற்றினார், இழுத்தார், கட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. இவர்தான் அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"கயிறு கனக்குதப்பா. என்ன விஷயம்?"

"சுவாமி கொழுத்திட்டார் போலை. நீங்கள் போங்கோ."

அன்றிலிருந்து நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் மாமியிடம் சொல்லிக் கயிற்றை எடுப்பித்து, வெளிச்சுற்றை விலக்கி உள்ளே மணந்து பார்ப்பேன். முடிச்சு விழும் இடத்தில் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுவேன். மாமி வாசலில் காவல் நிற்பார். கள்ளர் மாதிரித்தான். ஆனால் அந்தக் களவில் எங்கள் இருவருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது.

பங்குனி வெயில் காலத்தில் ஒருநாள் விடிய, சாப்பாட்டுப் பெட்டியோடு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமா பட்டை பிடித்தார். இவர் துலாவில் நடந்தார். வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிற கூலியாள் தூரத்தில் நின்றான். நிறைந்த பட்டை பாதியில் ஏறிவந்தபோது துலா நுனியில் இருந்த கட்டு இளகிவிட்டது. பட்டை கிணற்றுக்குள் போனது. பாரம் போன துலா விர்ரென்று மேலே எகிறியது. இவர் அப்போது கிணற்றுப் பக்கத்தில் நின்றார். துலா அவரைத் தூக்கி எறிந்தது. மூங்கிலுக்கு நீட்டிய கை எட்டவில்லை.

நான் கத்தவில்லை.  கத்தினது மாமா.

"தம்பீ!"

மகனை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெரியவன் என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரல் இத்தனை வருடமாக அவருடைய நெஞ்சுக்குள் கிடந்த குரல். 

கயிறு இழுபட்டு நின்றது. இவர் கிணற்று வாயில் ஆடிப்போய்க் கிணற்றுச் சுவரில் தோளை மோதிக்கொண்டு தொங்கினார். மாமா குப்புறப் படுத்து அவருடைய கையைப் பிடித்தார். நான் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். கூலியாளும் வந்து சேர்ந்தான். இழுத்து மேலே போட்டோம். தோள் இறங்கியிருந்தது, விலாவில் தோல் உரிந்திருந்தது, உயிர் இருந்தது. மாமா மகனுடைய முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய முகம் என்று அறிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சநேரம் எடுத்தது.

பிறகு கயிற்றை எடுத்தார். துலாவின் விளிம்பில் உரஞ்சிய இடத்தில் வெளிச்சுற்று முழுவதும் வெடித்துப் புழுதியாக உதிர்ந்திருந்தது. உள்ளே பொன்நிறத்தில் புதுக்கயிறு தெரிந்தது. மாமா அதைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். மாட்டைக் கட்டிப்போட்டதாகப் பகிடி பண்ணிய அதே ஆட்கள்.

"தேர்வடமெல்லோ! அறுமோ?" என்றார் ஒருவர்.

"முருகன் வந்து பிடிச்சுப்போட்டான்," என்றார் இன்னொருவர்.

மாமா தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கயிற்றின்மேல் போட்டு மூடினார்.

"ஓம்," என்றார். "பிடிச்சுப்போட்டான்."

வைத்தியர் வந்து தோளை ஏற்றி மருந்து வைத்துப் புக்கை கட்டினார். இவர் கொஞ்சநாள் படுக்கையில் கிடந்தார். மாமி ரகசியத்தை மகனிடம் உடைத்துவிட்டார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் எண்ணெய் தடவும்போது இவர் முனகிக்கொண்டே கேட்டார்.

"நீங்கள் ரெண்டுபேரும் தொங்கியும் மாங்கொப்பு முறியேல்லையாமே?"

"உங்கடை மற்றத் தோளையும் இறக்கிவிடட்டோ?"

சிரித்தார். சிரிக்க விலா நொந்தது. பிறகு என் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, கனநேரம் விடவில்லை. நானும் எடுக்கவில்லை.

மாமா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கயிறு சால்வையோடு சுவாமி அறையில் கிடந்தது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. சுவாமியின் வடத்துக்குள் நான் வேறு கயிறு ஒளித்ததை அவர் பாவம் என்று நினைக்கிறாரோ என்று பயந்தேன். தென்னம்பிள்ளைக்கு அவர் தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

இவர் தேறித் திரும்பவும் துலாவில் ஏறப்போகிற நாள் வந்தது. விடியற்காலை நான் அடுப்படியில் இருந்தேன். மாமா குளித்துவிட்டு வந்து வாசலில் நின்றார். ஒரு கையில் கயிறு, மறுகையில் திருநீற்றுக் குடுவை. வெளிச்சுற்று முழுவதும் கழற்றியிருந்தது. உள்ளேயிருந்த புதுக்கயிறு மட்டும்தான் கையில் இருந்தது. குனிந்து அதை என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, உதை ஒருக்காப் பார்."

நான் எடுத்தேன். மணந்தேன். புரியைத் திருகி உள்ளே பார்த்தேன். ஒரு தும்பை இழுத்து அறுத்தேன். டிக்கென்று கேட்டது. முடிச்சுப் படும் இடம் தேய்ந்திருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிதாக நுனி கட்டினேன். மாமா அவசரப்படுத்தாமல் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த மாமிதான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"உதென்னப்பா, முதல் சுவாமிக்குக் காட்டாமல் அடுப்படிக்குக் கொண்டுவந்து நிக்கிறியள்?"

"சுவாமி பிறகு பாப்பார்," என்றார் மாமா. "முதல் பிள்ளை பாக்கட்டும்."

பார்த்து முடித்து, "காணும் மாமா, நல்லாயிருக்குது," என்று கொடுத்தேன். வாங்கி நுனியிலிருந்து நுனிவரை திருநீறு பூசினார். கண்ணில் ஒற்றினார். போகத் திரும்பியவர் நின்றார். என்னைப் பார்க்காமல், வெளியே கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்ரை தம்பி ஏறேக்கையும் நீ இந்த வீட்டிலை இருந்திருக்கவேணும், பிள்ளை."